உறைக்குள் குங்குமம்

அத்தியாயம் பதினான்கு

பரணிலிருந்து இறக்கிய தகரக் குதிரையை வரலட்சுமி ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், குமணன்சாவடியில் ஆன்டோ கடையில் விட்டுவிட்டு வந்தாள். அதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். "அந்த ராசி கெட்ட குதிரையையா திரும்ப எடுத்தார்கள்?" என்று இரண்டு வாசகிகள் கோபமாக எழுதிக் கேட்டிருக்கிறார்கள். ஆமாம் தாயே, அதே குதிரைதான்.

அவளாக ஆசைப்பட்டு எடுக்கவில்லை. தங்கை ஹேமாவதியின் மகள் காவ்யா பிடித்த பிடிவாதம். விஜயதசமிக்கு மறுநாள் காவ்யாவின் குழந்தைக்குக் காதுகுத்து. புதுசு பண்ணிய குதிரைமேல் குழந்தையை உட்கார வைத்துப் போட்டோ எடுக்க வேண்டுமாம்.

வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர்தான். அப்பா தசரதன். "காயலாங்கடையில போடு அத்த" என்றார். விரலைப் பறிகொடுத்த ஹேமாவதியே சும்மா இருக்கும்போது இவருக்கு என்ன வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் அதை ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். தப்புதான்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகப் பழைய கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆயுத பூஜை அன்று நடந்தது. அக்கா வரலட்சுமிக்கு ஒன்பது வயது, தங்கை ஹேமாவதிக்கு நாலு. நாலு கனத்த ஸ்பிரிங்குகளில் தொங்கி ஆடுகிற குதிரை அது. ஸ்பிரிங்குகளை மூடிக் கேன்வாஸ் உறை இருக்கும். அக்காக்காரி விளையாட்டாக ஒரு உறையைத் தூக்கிவிட்டுக் குதிரையை ஆட்டினாள், குழந்தை உள்ளே கையை விட்டது, வலது கை மோதிர விரலில் இரண்டு கணு போயிற்று. சென்னீர்குப்பத்தில் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த கதை இது. வரலட்சுமிக்கே இதுதான் தெரியும்.

இந்த வாரம் அந்தக் கதை கிழிகிற வாரம்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலை ஒன்பதரைக்கு ஆன்டோ போன் பண்ணினான்.

"அக்கா, கடை வரைக்கும் கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

"கலர் பத்தியா? காவ்யா சிவப்புன்னு சொல்லிட்டாளேப்பா."

"கலரு இல்லக்கா. வேற ஒண்ணு கீது. போன்ல சொன்னா புரியாது."

பூந்தமல்லியில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே வரலட்சுமிக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பத்திரம் டைப் அடித்தும் கொடுப்பாள். அன்றைக்குக் கடையைக் கழுவிவிட்டுப் பூஜைக்கு வேண்டியதை வாங்கலாம் என்று கிளம்பியவள், வழியில் குமணன்சாவடியில் இறங்கிக்கொண்டாள். ஜங்ஷன் முழுக்கப் பூசணிக்காய்க் குவியலும் வாழைக்கன்றும் பொரி மூட்டையும். நடக்க வழியில்லை.

ஆன்டோ பழைய ஸ்கூட்டர்களைச் சீர் பண்ணுகிறவன். முப்பத்தைந்து வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன்தான், ஆனாலும் ஆயுத பூஜைக்குக் கம்ப்ரசருக்கு மாலை போடாமல் இருக்க மாட்டான். பட்டறை வைத்திருக்கிறவனுக்கு அன்றைக்கு ஒரே மதம்தான்.

குதிரை ஒரு கோணிச் சாக்கின்மேல் மல்லாந்து கிடந்தது. பழைய பெயிண்டையெல்லாம் சுரண்டி எடுத்து, நசுங்கிய வயிற்றை உள்ளிருந்து மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்துத் தேய்த்து, செங்காவி நிறத்தில் ப்ரைமர் அடித்திருந்தான். கால்கள் நான்கும் மேலே பார்த்தபடி இருந்தன. ஸ்பிரிங்குகள் கழற்றப்பட்டிருந்தன.

"இது எந்த ஊர் குதிரைன்னு கண்டுபுடிச்சிட்டேன்க்கா" என்றான். "பாடியைப் பாரு. ரெண்டு பாதியா அச்சுல அடிச்சு, முதுகு மேல மடிச்சுச் சேத்துருக்கான். வெல்டிங்கே கெடையாது. நம்ம ஊர்ல எவன் இப்டி செய்றான்? பெங்களூர்ல ஒருத்தர் பழைய பொம்மையெல்லாம் சேத்து வெச்சிருக்காரு, அவருக்குப் போட்டோ அனுப்பினேன். பாத்தவுடனே சொல்லிட்டாரு. இங்கிலாந்து சரக்காம். எழுபது வருசம் இருக்கும்னாரு. அவராண்டயே ரெண்டு கீதாம்."

"நைனா வெள்ளைக்காரர்கிட்டதான் வாங்கினார். அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு இஞ்சினியர் ஊருக்குத் திரும்பிப் போறப்போ சாமானையெல்லாம் வித்துட்டுப் போனாராம்."

"அது சரிதான். ஆனா அவரு ஒரு கேள்வி கேட்டாருக்கா." ஆன்டோ ஒரு கேன்வாஸ் உறையை எடுத்து அவள் கையில் கொடுத்தான். "கம்பெனில இதுல பித்தளைக் கண்ணு வெச்சு, தோல் கயிறு கோத்துதான் கட்டியிருப்பானாம். உங்களுதுல சணல்ல தையல் போட்டிருக்கே, யாரு பிரிச்சாங்கன்னாரு. எனக்கு இன்னா தெரியும்? நானும் அப்பதான் பாத்தேன்."

பித்தளைக் கண்கள் வரிசையாக இருந்தன. அவற்றில் கயிறு இல்லை. அதற்குப் பக்கத்தில், கோணி ஊசியால் குத்தித் தைத்த சணல் தையல். மூன்று தையலுக்கு ஒரு முடிச்சு.

வரலட்சுமி அந்த முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாள். தசரதன் முப்பது வருஷம் லாரி பாடி கட்டுகிற பட்டறை வைத்திருந்தவர். தார்ப்பாய் தைக்க வேறு ஆளை விட மாட்டார். மூன்று தைத்தால் ஒரு முடிச்சு, ஒரு இடத்தில் அறுந்தாலும் மொத்தமும் பிரியாது என்பார். அவளுடைய ஜெராக்ஸ் கடை வாசலில் கட்டியிருக்கிற தார்ப்பாயிலும் அதே தையல்தான்.

"இது எங்க நைனா தைச்சது" என்றாள்.

"இருக்கட்டும்க்கா. பழசாயிருக்கும், பிரிச்சுத் தெச்சிருப்பாரு. அதுல ஒண்ணுமில்ல. நான் உன்னைக் கூப்பிட்டது இதுக்கு."

தரையில் விரித்திருந்த தினத்தாள்மேல் நாலு ஸ்பிரிங்குகளும் படுத்திருந்தன. ஆன்டோ தள்ளி நின்றுகொண்டான்.

ஸ்பிரிங்குகளுக்குச் சில்வர் பெயிண்ட் அடித்திருந்தது. லாரியின் டீசல் டேங்குக்கும் சக்கரத் தட்டுக்கும் பூஜைக்கு முதல் நாள் அடிப்பார்களே, அந்தச் சில்வர். உறைக்குள்ளேயே இருந்ததால் நிறம் மங்கவில்லை. மூன்று ஸ்பிரிங்குகளில் நடுச்சுற்றில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. சந்தனத்துக்கு நடுவில் குங்குமம்.

"உறைக்குள்ள யாருக்கா பொட்டு வெப்பாங்க?" என்றான் ஆன்டோ.

வரலட்சுமி குனிந்து பார்த்தாள்.

"பெயிண்ட் அடிக்கிறப்போ உறை இல்ல. பொட்டு வெக்கிறப்பவும் இல்ல. அதுக்கு அப்புறந்தான் போட்டு மூடித் தெச்சிருக்காங்க. காவ்யா பாப்பா உங்க தங்கச்சி விரல் கதையைச் சொல்லிச்சு. அன்னிக்கு ஆயுத பூஜைன்னும் சொல்லிச்சு. அதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டுதுக்கா. தப்பா பேசறேன்னா சொல்லு, நிறுத்திக்கிறேன்."

"நாலாவது ஸ்பிரிங் எங்கே?"

"இது. இதுல பொட்டு இல்ல."

அந்த ஒரு ஸ்பிரிங்கில் மட்டும் நடுச்சுற்றுகளில் சில்வர் இழுபட்டுத் தேய்ந்து, இரும்பு தெரிந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தால் அப்படித்தான் வரும். துடைத்தவர் மேலே பார்க்கவில்லை. கொக்கிக்குக் கீழே, முதல் சுற்றில், பழுப்பேறிய வாழைநார் ஒன்று இரண்டு முடிச்சாகக் கட்டியிருந்தது. நாரில் பூவின் காம்பு இரண்டு மூன்று கருகலாக ஒட்டிக்கொண்டிருந்தன. நாலு வயதுக் குழந்தையின் கைக்கு எட்டுகிற இடத்தில் யாரோ பூச்சரம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

குழந்தை பூவைத்தான் பிடித்திருக்கிறது.

வரலட்சுமி பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். உறையைத் தூக்கியது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதுதான் கொடுமை. கேன்வாஸ் சொரசொரப்பாக இருந்தது, இடது கையால் மேலே ஏற்றினாள், வலது கையால் குதிரையின் கழுத்தைத் தள்ளினாள். நூறு தடவை மற்றவர்கள் சொல்லக் கேட்டு, ஆயிரம் தடவை படுக்கையில் நினைத்து நினைத்து, கண்ணால் கண்டதாகவே ஆகிவிட்டது. தூக்குவதற்கு அன்றைக்கு அங்கே உறையே இல்லை.

ஆன்டோ தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். பாதி குடித்தாள், மீதி புடவையில் சிந்திற்று.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு கேட்டிருக்கேன். இது இன்னாக்கா, பொட்டோட மறைச்சிருக்காங்க" என்றான். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தலையைச் சொறிந்தான். "அக்கா, எமரி பேப்பர் போட்டுத் தேச்சா எல்லாம் போயிடும். காதுகுத்துக்கு டைம் இல்ல. தேய்க்கட்டா, வேணாமா?"

"தேய்க்காதே. நான் சொல்றேன்."

நாலாவது ஸ்பிரிங்கைத் தினத்தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். பை கனத்தது. பொரியும் வாங்கவில்லை, கடையும் கழுவவில்லை. ஷேர் ஆட்டோவில் பக்கத்திலிருந்தவள் "காலைக் கொஞ்சம் நகத்தும்மா" என்று மூன்று தடவை சொன்ன பிறகுதான் அவளுக்குக் காதில் விழுந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழி விழுந்த இடத்தில் என்னவெல்லாம் நடந்தது என்று நான் இந்தத் தொடரில் அங்கங்கே எழுதியிருக்கிறேன். ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். ஹேமாவதியைப் பெண் பார்க்கப் பாண்டியன் வீட்டார் ஆவடியிலிருந்து வந்திருந்தார்கள். பாண்டியனின் அத்தை பெண்ணின் கையைப் பார்த்துவிட்டு, "பொறக்கும்போதே இப்படியா?" என்று கேட்டாள். சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காபித் தட்டோடு நின்ற வரலட்சுமிதான், "இல்லைங்க. சின்ன வயசுல நான் விளையாட்டா பண்ணது. அவ மேல குறை இல்லைங்க" என்றாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. அக்கா இருக்கத் தங்கைக்கு முந்திக் கல்யாணம். தங்கையை ஒரு வீட்டில் சேர்க்காமல் தான் கழுத்தை நீட்டக்கூடாது என்று அவள் அடம் பிடித்ததால் அப்படி ஆயிற்று. பிறகு அவளைக் கேட்டு யாரும் வரவில்லை. அன்றைக்கு அந்தச் சபையில் தசரதனும் உட்கார்ந்திருந்தார். பாண்டியனின் அத்தைக்கு வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தார்.

தசரதன் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்தொரு வயது. போன வருஷம் இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து நாலு கால் ஊன்றுகம்பி இல்லாமல் நடக்க முடியாது. மனைவி பஞ்சவர்ணம் போய் எட்டு வருஷம் ஆகிறது. குளிக்க வைப்பது முதல் நகம் வெட்டிவிடுவது வரை வரலட்சுமிதான்.

"இன்னா வரா, சீக்கிரம் வந்துட்டே? பொரி வாங்கினியா?"

அவள் டிவியை நிறுத்தினாள். பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, அவருக்கு முன்னாலிருந்த ஸ்டூலில் வைத்துப் பிரித்தாள்.

தசரதன் ஸ்பிரிங்கைப் பார்த்தார்.

"எவன் அதைப் பிரிச்சான்?" என்றார்.

இது என்ன என்று அவர் கேட்கவில்லை. வரலட்சுமிக்கு அப்போதே புரிந்துவிட்டது. வருகிற வழியெல்லாம், நைனாவுக்குத் தெரிந்திருக்காது, அம்மாவோ பட்டறை ஆட்களோ உறையைக் கழற்றி மாட்டியிருப்பார்கள் என்று அவளாக ஒரு சமாதானம் செய்துகொண்டே வந்திருந்தாள்.

"நைனா, நான் உறையைத் தூக்கினேனா?"

"இப்ப இன்னாத்துக்கு அது? நாப்பது வருசம் ஆயிட்டுது."

"நாப்பத்திரண்டு. தூக்கினேனா, இல்லையா?"

தெருவில் தண்ணீர் லாரி வந்து நின்றது. குடங்கள் உருண்டன. எதிர்வீட்டுப் புஷ்பா, "வரலட்சுமி, தண்ணி வந்துட்டுது" என்று குரல் கொடுத்தாள். இவள் நகரவில்லை.

"இல்ல" என்றார் தசரதன்.

அவளுக்கு அழுகை வரவில்லை. வரும் என்று நினைத்தாள். இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு நைனா. எல்லாத்தையும் சொல்லு."

"சொல்ல இன்னா கீது. அந்த இஞ்சினியரோட தொரசானி குடுக்கும்போதே சொல்லித்தான் குடுத்தா. உறையைக் கழட்டாத, கொழந்தை கை மாட்டிக்கும்னு. அரைகுறைத் தமிழ்ல ரெண்டு தடவை சொன்னா. பூஜைக்கு மொத நாள் பட்டறையில எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிச்சுகினு இருந்தோம். ஜாக்கி, வைஸு, எல்லாம் பளபளன்னு கீது. இந்தக் குதிரை மட்டும் அழுக்கு உறையைப் போட்டுகினு நிக்குது. ஒரு நாள்தானே, பூஜை முடிஞ்சதும் மாட்டிடலாம்னு கழட்டினேன். சில்வர் அடிச்சேன். பொட்டு வெச்சேன்."

"பூ யார் கட்டினது?"

"உங்கம்மா."

வரலட்சுமி சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். காலையில்தான் அவளே அதற்குப் பூ வைத்திருந்தாள்.

"கொழந்தையை ஆஸ்பத்திரியில வுட்டுட்டு விடிகாலையில வந்தேன்" என்று தசரதன் தொடர்ந்தார். நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தியிருக்க மாட்டார் போலிருந்தது. "உங்க மாமனுங்க பொழுது விடிஞ்சா வந்து நிப்பானுங்கன்னு தெரியும். பொண்ணு குடுத்ததுலேர்ந்தே அவனுங்களுக்கு என்னைக் கண்டா ஆவாது. ஸ்பிரிங்கைத் தொடச்சேன். உறையை மாட்டித் தெச்சேன். வந்தானுங்க. உறை இருக்கே, கை எப்டிப் போச்சுன்னு கேட்டானுங்க."

"நீ என் பேரைச் சொன்னே."

"நீதான பக்கத்துல இருந்தே? நீதான ஆட்டினே?"

"ஆட்டினேன். ஆட்டறதுக்குத்தானே வாங்கினே?"

தசரதன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "வரா, நான் சொல்றதைக் கேளு. சின்னப் பொண்ணு செஞ்சா வெளையாட்டும்பாங்க. ரெண்டு நாள் பேசுவாங்க, அப்புறம் வுட்டுருவாங்க. பெத்த அப்பன் செஞ்சான்னா சாவுற வரைக்கும் பேசுவாங்க. ஆயுத பூஜை அன்னிக்கு மொதலாளியே தன் கொழந்தை விரலை எடுத்துட்டான்னா, அந்தப் பட்டறைக்கு எவன் லாரி கொண்டாந்து வுடுவான்? நாலு பேர் சோறு அதுலதான இருந்துச்சு."

"விட்டாங்களா நைனா?"

அவர் நிறுத்தியிருந்த டிவியைப் பார்த்தார்.

"ரெண்டு நாள்ல விட்டுடுவாங்கன்னியே. விட்டாங்களா? பாண்டியன் வீட்டுக்காரங்க வந்தப்போ நான் என்ன சொன்னேன்னு உனக்கு ஞாபகம் இருக்கா? நீ எங்கே உக்காந்திருந்தே, ஞாபகம் இருக்கா?"

"சொல்லணும்னு நெனைப்பேன். ஒவ்வொரு பூஜைக்கும் நெனைப்பேன். நாள் போயிட்டுது."

எனக்கு இந்த இடத்தில் தசரதன்மேல் வருகிற கோபத்தை எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். நாள் போய்விட்டதாம். அவருக்குப் போயிற்று. அவளுக்கு எங்கே போயிற்று?

"ஹேமா சாயங்காலம் வரா" என்றாள் வரலட்சுமி. "அவகிட்ட நீயே சொல்லணும். நான் சொன்னா நல்லா இருக்காது. நீ சொல்றதை அவ கேக்கணும். எனக்கு அது போதும்."

"சொல்றேன்."

அவளுக்கு உண்மையிலேயே அது போதும் என்றுதான் தோன்றிற்று. தங்கை ஒரு தடவை அவளைப் பார்த்து, "நீ இல்லையாக்கா?" என்று கேட்டுவிட்டால் போதும். எழுந்து போய்ச் சோறு வடித்தாள். அவருக்குப் போட்டாள். தானும் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், சாப்பிடாமல் அப்படியே மூடி வைத்தாள்.

நாலரை மணிக்கு ஹேமாவதி வந்தாள். ஆவடி க்வார்ட்டர்ஸிலிருந்து பஸ் பிடித்து, காதுகுத்துக்கு எடுத்த புடவைப் பையோடு வேர்த்து விறுவிறுத்து வந்தாள். நாற்பத்தாறு வயதில் பாட்டியாகிவிட்டவள். பேச்சு மட்டும் இன்னும் கல்யாணப் பெண் மாதிரி.

"அக்கா, உனக்கு மயில் கழுத்து கலர்ல எடுத்திருக்கேன். பிடிக்கலன்னு சொல்லாதே, காவ்யா செலக்ஷன். குதிரை ரெடியா? ஏன் ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க? நைனாவுக்கு உடம்பு..."

ஸ்டூல்மேல் இருந்ததைப் பார்த்தாள். புடவைப் பையைக் கீழே வைத்தாள்.

"ஹேமா, உக்காரு" என்றார் தசரதன். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார், அந்த மட்டும் பாராட்ட வேண்டும். சுற்றி வளைக்கவில்லை. "அன்னிக்கு உறையை உங்கக்கா தூக்கல. நான்தான் மொத நாளே கழட்டி வெச்சேன். அதுல உங்கம்மா பூ கட்டினா. நீ பூவை இழுத்தே. உங்கக்கா மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் பொய் சொல்லிட்டேன்."

வரலட்சுமி அவரைப் பார்க்கவில்லை. தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மத்தியானம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஹேமாவதியின் முகத்தில் ஆச்சரியம் இல்லை. மெதுவாகத் தலையைக் குனிந்தாள். வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் மூடிக்கொண்டாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான் கையை மறைப்பாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் வரலட்சுமி.

ஹேமாவதி தலைப்பை இன்னும் இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

"ஹேமா. உனக்குத் தெரியுமாடி?"

"அம்மா சொன்னா."

"எப்போ?"

"போறதுக்கு மூணு நாள் முன்னாடி. நீ மருந்து வாங்கப் போயிருந்தே. என்னைப் பக்கத்துல கூப்பிட்டுச் சொன்னா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாக்கா."

எட்டு வருஷம். இந்த எட்டு வருஷத்தில் ஹேமாவதி மாதத்துக்கு இரண்டு தடவை இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாள். காவ்யாவின் கல்யாணத்தில் வந்தவர்கள் விரலைப் பற்றிக் கேட்டபோது, அக்கா மறுபடியும் அதே பதிலைச் சொல்வதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள்.

"சத்தியத்துக்காகத்தான் சொல்லாம இருந்தியா?"

"ஆமாக்கா."

"என்னைப் பார்த்துச் சொல்லு."

ஹேமாவதி நிமிர்ந்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. கெட்டவள் இல்லை அவள். கெட்டவளாக இருந்திருந்தால் இன்னொரு பொய்யைச் சுலபமாகச் சொல்லியிருப்பாள்.

"இல்லக்கா" என்றாள். "சொன்னா நீ இந்த வீட்டுல இருந்திருப்பியா? போயிருப்பே. போனா நைனாவை யார் பாக்கறது? நான்தான் பாக்கணும். க்வார்ட்டர்ஸ்ல ரெண்டு ரூம். என் மாமியார் ஒரு ரூம்ல படுத்திருக்காங்க. அப்ப காவ்யா வேற ப்ளஸ் டூ படிச்சிட்டிருந்தா. அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு... நீ பாட்டுக்கு ஒரு முகச்சுளிப்பு இல்லாம பாத்துட்டிருந்தேக்கா. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

தசரதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹேமாவதி, "நீ சும்மா இரு நைனா" என்றாள்.

வரலட்சுமி எழுந்து உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஹேமாவதி முதலில் அக்கா முகம் கழுவப் போயிருக்கிறாள் என்று நினைத்தாள். பிறகு அறை வாசலில் போய் நின்று பார்த்தாள். வரலட்சுமி துணிப்பையில் இரண்டு புடவை வைத்தாள், துண்டு வைத்தாள், கடைச் சாவியையும் போன் சார்ஜரையும் வைத்தாள். அவசரமே இல்லாமல் வைத்தாள்.

"அக்கா, என்னக்கா பண்றே? என்னை ரெண்டு அடி அடி. திட்டு. இப்படிப் பண்ணாதேக்கா."

வரலட்சுமி பையின் வாயை முடிந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு இப்போது அடிக்கவோ திட்டவோ கூடத் தெம்பில்லை. அப்பா செய்ததுகூட ஒரு பயத்தில் செய்தது என்று நாளைக்கோ மறுநாளோ மனதைத் தேற்றிக்கொள்ள முடியும் என்று மத்தியானம் நினைத்திருந்தாள். இதை என்ன சொல்லித் தேற்றிக்கொள்வது?

"எங்கேக்கா போறே? காதுகுத்துக்கு வருவேயில்ல?"

வரலட்சுமி கூடத்தைக் கடந்தாள். தசரதன் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தார், முடியவில்லை. "வரா" என்றார். அவள் அவர் பக்கம் திரும்பாமல் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். பிறகு தங்கையிடம் பேசினாள். கடைக்கு வருகிறவர்களிடம் எத்தனை பிரதி வேண்டும் என்று கேட்கிற அதே குரலில்தான் பேசினாள்.

"மஞ்சள் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி. வெள்ளை ரெண்டும் சாப்பிட்ட அப்புறம். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போகணும், மறந்துடாதே. அவரா எழுந்தா விழுந்துடுவார்."

சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.